நம் வீட்டுச் சோப்பு நுரை கெலவரப்பள்ளி அணை வரைக்கும் போகிறது: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் நம் பெங்களூர் மாரத்தஹள்ளி வாசகர் ஒருவர், "அமெரிக்காக்காரனும் சீனாக்காரனும் இவ்வளவு புகை விடும்போது, நான் ஷவரை மூடிவிட்டுப் பக்கெட்டில் குளித்தால் பூமி குளிர்ந்துவிடுமா?" என்று கேட்டிருந்தார். இடம் இல்லாததால், "பூமிக்கு எப்படியோ, உங்கள் தெரு போர்வெல்லுக்கு ஆயுள் கூடும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அதற்கு வந்த கடிதங்கள் ஒரு பை நிறைய. என்னைத் திட்டியவர்கள் இருக்கிறார்கள், அவரைத் திட்டியவர்கள் இருக்கிறார்கள். அதனால் இந்த முறை வேறு கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பலர் பெயர் போட வேண்டாம் என்றதால் எல்லோருக்கும் ஏரியா பெயர் மட்டும்.

உங்கள் பதில் வெறும் சமாளிப்பு. நான் கேட்டது புவி வெப்பமாவதைப் பற்றி, நீங்கள் போர்வெல்லைப் பற்றிச் சொல்கிறீர்கள். 140 கோடிப் பேரில் நான் ஒருவன் மாறி என்ன ஆகப்போகிறது? நான் தினமும் எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் காரில் போகிறவன், பஸ்ஸில் போனால் மட்டும் இமயமலைப் பனி உருகாமல் நிற்குமா?
– மாரத்தஹள்ளி, அதே வாசகர்

சரி, ஒத்துக்கொள்கிறேன், இரண்டு விஷயத்தைக் கலந்து சொல்லிவிட்டேன். கரியமில வாயு எங்கே விட்டாலும் உலகம் பூராவும் பரவிவிடும், ஒயிட்ஃபீல்டில் விட்டதும் டெக்சாஸில் விட்டதும் ஒன்றாகக் கலந்து நூற்றாண்டுக் கணக்கில் மேலேயே நிற்கும். சாக்கடையும் குப்பையும் தூசும் அப்படிப் பரவுவதில்லை. விட்டவர் தெருவிலேயோ, ஆற்றில் கீழே இருப்பவர் வயலிலேயோ போய் உட்காரும். முதல் விஷயத்தில் ஓர் ஆளின் பங்கு சின்னது என்பது உண்மைதான், மறுக்கவில்லை. சராசரி இந்தியர் ஒருவர் கணக்கில் வருஷத்துக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு, அமெரிக்கர் கணக்கில் சுமார் 14 டன். தொழிற்புரட்சிக்கு முன்னால் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த இந்த வாயு இன்று 420-ஐத் தாண்டி நிற்கிறது, அந்தக் கூடுதலில் பெரும்பகுதி பணக்கார நாடுகள் ஏற்றிவைத்தது. அதைக் கேட்கிற உரிமை நமக்கு முழுக்க இருக்கிறது.

ஆனால் அந்த 2 டன் சராசரியில் நீங்கள் இருக்கிறீர்களா என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோதான். அது எரிந்து வெளியே விடுகிற கரியமில வாயு சுமார் 2.3 கிலோ. பெட்ரோலில் இருக்கும் கார்பன் காற்றில் இருக்கும் ஆக்சிஜனையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போவதால்தான் எடை மூன்று மடங்காகிறது. மாரத்தஹள்ளியிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி போக வர 40 கிலோமீட்டர், நம் ஊர் டிராஃபிக்கில் லிட்டருக்கு 12 கிடைத்தால் பெரிய விஷயம், ஆக ஒரு நாளைக்கு ஏழரைக் கிலோ. வருஷத்தில் 240 நாள் ஆபீஸ் என்றால் 1.8 டன். அதாவது உங்கள் வீட்டு கரண்ட், கேஸ், சாப்பாடு எதையும் சேர்க்காமல், கார் ஒன்றே கிட்டத்தட்ட ஒரு முழு இந்தியரின் வருஷக் கணக்கைத் தின்றுவிடுகிறது. கலிஃபோர்னியாவில் இருக்கும் மகனைப் பார்க்கப் போய்வந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த விமானப் பயணத்துக்கு இன்னொரு 2 டன்னுக்கு மேல். மகனைப் பார்க்கப் போக வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன், அது வேறு. ஆனால் தினசரி காருக்கு வழி இருக்கிறது. 500டி பஸ்ஸில் சில்க் போர்டு வரை போய், 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் பாதை மெட்ரோவில் ஏறினால் எலெக்ட்ரானிக் சிட்டி. வாரத்தில் இரண்டு நாள் அப்படிப் போய்ப் பாருங்கள், மற்ற மூன்று நாள் உங்கள் அபார்ட்மெண்டிலிருந்து அதே பக்கம் போகிற இரண்டு பேரை ஏற்றிக்கொள்ளுங்கள். பனி நிற்குமா என்று கேட்டால், நிற்காது. ஆனால் அந்தக் கார்க் கணக்கில் உங்கள் பங்கு பாதிக்கு மேல் குறையும், அதற்கு மேல் உங்களிடம் யாரும் எதிர்பார்க்கவில்லை.

நான் நாலு வீட்டில் வேலை செய்கிறேன். எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு குடம் தண்ணீர். நான் வேலை செய்கிற ஒரு வீட்டில் கார் கழுவவே அதற்குக் கிட்டத்தட்டப் போகிறது. அந்த வீட்டு அம்மாதான் என்னிடம், "பிளாஸ்டிக் கவரில் எதையும் கொண்டு வராதே, பூமி கெட்டுப்போகிறது" என்கிறார். பூமியைக் கெடுப்பது நானா?
– ஸ்ரீராமபுரம் வாசகி

இல்லை அம்மா, நீங்கள் இல்லை. பன்னிரண்டு குடம் என்றால் சுமார் 180 லிட்டர், ஆளுக்கு 36 லிட்டர். நகரத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசாங்கமே வைத்திருக்கும் அளவு. அதில் கால்வாசியில் குடும்பம் நடத்துகிற உங்களிடம் வந்து சிக்கனமாக இரு என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

இந்தப் பத்தியைப் படிக்கிற அந்த மாதிரி அம்மாக்களுக்கும் ஐயாக்களுக்கும் ஒரு வார்த்தை. ஹோஸைத் திறந்துவிட்டுக் கார் கழுவினால் பத்து நிமிஷத்தில் நூறு லிட்டர் சாதாரணமாகப் போய்விடும். அந்தக் காவேரித் தண்ணீர் சும்மா வரவில்லை. தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர், கிட்டத்தட்ட அரைக் கிலோமீட்டர் உயரம், பம்பு வைத்து ஏற்றித்தான் நம் மேட்டு ஊருக்கு வருகிறது, குடிநீர் வாரியத்தின் பெரிய செலவே கரண்ட் பில்தான். 2024 மார்ச்சில் நகரத்தில் அரசு போட்ட போர்வெல்களில் ஏறக்குறைய பாதி வறண்டு போய், குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவு போட்டார்களே, அந்தக் கோடை அதற்குள் மறந்தா போய்விட்டது? அரை பக்கெட் தண்ணீரும் ஈரத்துணியும் போதும், கார் பளபளக்கும்.

ஸ்ரீராமபுரம் அம்மா, துணிப்பை இருந்தால் எடுத்துப் போங்கள். இல்லாத நாளில் மனசு உறுத்திக்கொள்ளாதீர்கள்.

அடுத்த இரண்டு கடிதமும் ஒரே வாரத்தில் வந்தவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அதனால் இரண்டுக்கும் சேர்த்தே பதில்.

எங்கள் நிலம் தென்பெண்ணைக் கரையில். மழை பெய்தால் சந்தோஷப்பட முடியவில்லை, தண்ணீருக்கு முன்னால் நுரை வந்துவிடுகிறது. கெலவரப்பள்ளி அணையிலிருந்து மலை மாதிரி நுரை வந்து தரைப்பாலத்தை மூடிவிடுகிறது, நாற்றம் வீடு வரைக்கும் வருகிறது. அதெல்லாம் பெங்களூரில் நீங்கள் துவைத்த சோப்புதானே? உங்கள் ஊர்க்காரர்கள் பொறுப்பைப் பற்றிப் பேசுவதைப் படித்தால் வயிறு எரிகிறது.
– ஓசூர் அருகிலிருந்து ஒரு விவசாயி

எங்கள் அபார்ட்மெண்டில் 180 வீடு. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது, ஆனால் கரண்ட் செலவு ஆகிறது என்று ராத்திரி பத்து மணிக்கு நிறுத்திவிட்டுக் காலையில்தான் போடுகிறார்கள், சுத்தமாகாத தண்ணீர் பின்பக்கக் கால்வாயில் போகிறது. செயலாளரிடம் கேட்டால், "எல்லா அபார்ட்மெண்டிலும் இப்படித்தான் சார், யார் கேட்கிறார்கள்?" என்கிறார். தினமும் முகத்தில் முழிக்கிறவர்களோடு நான் சண்டை போடவா?
– சர்ஜாபூர் ரோடு வாசகர்

முதலில் ஓசூர்க்காரருக்கு: ஆமாம் ஐயா, எங்கள் சோப்புதான். மன்னிப்புக் கேட்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை இல்லை.

போன ஐப்பசியில் அத்தை மகள் வீட்டுக்கு ஓசூர் போனபோது அந்தத் தரைப்பாலத்துக்கு நானே போய் நின்றேன். இரவெல்லாம் மழை. ஆறு எங்கே, பாலம் எங்கே என்று தெரியவில்லை, இடுப்பு உயரத்துக்கு வெள்ளையாக ஏதோ நகர்ந்துகொண்டிருந்தது. காற்று அடிக்கிறபோதெல்லாம் அதிலிருந்து பிய்ந்து பிய்ந்து பஞ்சு மாதிரி பறந்து பக்கத்துக் கத்தரிச் செடிகள் மேல் உட்கார்ந்தது. கையில் கொஞ்சம் எடுத்துப் பார்த்தேன், கனமே இல்லை, அரை நிமிஷத்தில் வடிந்துவிட்டது, விரலில் கறுப்பாக ஒரு பிசுக்கு மட்டும் நின்றது, இரண்டு தடவை கழுவியும் நாற்றம் போகவில்லை. பால் கேனை மொபெட்டில் கட்டிக்கொண்டு ஒரு பையன் இந்தப் பக்கமே நின்றிருந்தான். உள்ளே போனால் ரோடு எங்கே முடிகிறது என்று தெரியாது அக்கா, சுற்றிப் போனால் பால் சொசைட்டி மூடிவிடுவார்கள் என்றான். நான் திரும்பி வருகிற வரைக்கும் அவன் அங்கேயேதான் நின்றான்.

சர்ஜாபூர் ரோடு சாருக்கு இப்போது அந்தத் தண்ணீர் போகிற வழியைச் சொல்கிறேன். உங்கள் பின்பக்கக் கால்வாய் சேருவது பெல்லந்தூர் ஏரி, சுமார் 900 ஏக்கர், நகரத்திலேயே பெரியது. 2015-இல் நுரையோடு தீப்பிடித்ததே, 2018 ஜனவரியில் ராணுவ வீரர்கள் வந்து அணைத்தார்களே, அதே ஏரி. அந்த வருஷம் டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 50 கோடியும் மாநகராட்சிக்கு 25 கோடியும் அபராதம் போட்டது. பெல்லந்தூர் நிறைந்தால் வர்த்தூர் ஏரி, அங்கிருந்து தட்சிண பினாகினி. கர்நாடகத்தில் தட்சிண பினாகினி என்று பேர் இருக்கிற ஆறு தமிழ்நாட்டில் நுழைந்ததும் தென்பெண்ணை, முதல் அணை கெலவரப்பள்ளி. அப்புறம் கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, கடைசியில் கடலூர்க் கடல். நம்மில் எத்தனை பேருக்குக் கிருஷ்ணகிரியிலும் திருவண்ணாமலையிலும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்! பொங்கலுக்கு அவர்களுக்குப் புதுத்துணி எடுத்துக்கொண்டு போகிற அதே வழியில்தான், வருஷம் முழுக்க நம் கழிவும் முன்னால் போய்க்கொண்டிருக்கிறது.

நுரை எப்படி வருகிறது என்றால், துணிசோப்பில் அழுக்கை எடுக்கிற ரசாயனம் சுத்திகரிக்காத சாக்கடையோடு ஏரிக்குப் போய் அடியில் இருக்கும் சேற்றில் படிந்துகொண்டே இருக்கும். மழை வந்து தண்ணீர் கலங்கி, மதகில் உயரத்திலிருந்து விழும்போது நாம் பக்கெட்டில் சோப்பைக் கலக்குவது போலக் கலக்கிவிடுகிறது. சோப்பில் இருக்கும் பாஸ்பேட் வேறு ஆகாயத்தாமரைக்கு உரமாகிவிடுகிறது.

இனி உங்கள் செயலாளர் விஷயம். சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்வது மெஷின் இல்லை, தொட்டியில் இருக்கும் நுண்ணுயிர்கள். அவைதான் கழிவைத் தின்கின்றன, அவை உயிரோடு இருக்கக் காற்று வேண்டும், அந்தக் காற்றை அடிக்கிறதுதான் ப்ளோயர். தினமும் ராத்திரி முழுக்க அதை நிறுத்தினால் அவை மூச்சுமுட்டித் துவண்டுபோகும், காலையில் ஸ்விட்ச் போட்டதும் உடனே பழைய நிலைக்கு வந்துவிடாது. ஆக ராத்திரி மிச்சம் பிடிக்கிறேன் என்று பகலில் ஆகிற செலவையும் சேர்த்து வீணாக்குகிறார்கள். இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டாம், கணக்காகச் சொல்லுங்கள். நிலையத்துக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் ராத்திரி பத்துக்கும் காலை ஆறுக்கும் ஒரு வாரம் ரீடிங் எழுதுங்கள். வெளியே வருகிற தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துக் குலுக்கிப் பாருங்கள், ஒழுங்காகச் சுத்தமான தண்ணீர் தெளிவாக இருக்கும், நுரை நிற்காது, நாறாது. அந்த பாட்டிலைப் பொதுக்குழுக் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போய் மேஜையில் வையுங்கள். ஒழுங்காகச் சுத்தம் செய்த தண்ணீரை டாய்லெட் ஃப்ளஷுக்கும் செடிக்கும் விட்டால் டேங்கர் எத்தனை குறையும் என்று பொருளாளரையே கணக்குப் போடச் சொல்லுங்கள். மாதம் ஒரு தடவை வெளி லேபில் பரிசோதித்து ரிப்போர்ட்டை நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். 180 வீட்டில் பத்து வீடு கையெழுத்துப் போட்டால் போதும், "யார் கேட்கிறார்கள்" என்று அவர் மறுபடி சொல்ல முடியாது. அதற்கும் அசையவில்லை என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்கள், தயங்காதீர்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்ற அந்தப் பையனுக்காகவாவது எழுதுங்கள்.

வீட்டிலும் ஒன்று இருக்கிறது. போர் தண்ணீர் கடினத் தண்ணீர், நுரை வராது, அதனால் ஒரு ஸ்பூன் போட வேண்டிய இடத்தில் மூன்று ஸ்பூன் போட்டுப் பழகிவிட்டோம். காவேரித் தண்ணீர் வருகிற வீட்டிலும் அதே கை அதே அளவுதான் போடுகிறது. பாதி போட்டுப் பாருங்கள், துணி வெளுக்கும்.

ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியே போகிற தண்ணீரை என்ன செய்யலாம்?
– கே.ஆர். புரம் வாசகி

ஒரு லிட்டர் குடிதண்ணீருக்கு மூன்று லிட்டர் வரைக்கும் வெளியே போகும். குழாயைப் பக்கெட்டில் விடுங்கள், தரை துடைக்க, பாத்திரத்துக்கு முதல் அலசல், டாய்லெட். உப்பு அதிகம் என்பதால் தொட்டிச் செடிக்குத் தினமும் வேண்டாம். காவேரித் தண்ணீருக்கு ஆர்.ஓ. தேவைதானா என்று ஒரு தடவை உப்பு அளவைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், பல வீட்டில் சாதா ஃபில்டரே போதும்.

நாங்கள் மெனக்கெட்டுப் பிரித்துக் கொடுக்கிற குப்பையை வண்டிக்காரர் ஒன்றாகக் கொட்டிக்கொள்கிறார். கண்ணால் பார்த்தேன். அப்புறம் எதற்கு வீட்டில் மூன்று டப்பா?
– ஆஸ்டின் டவுன் வாசகர்

பார்த்திருப்பீர்கள், பொய் என்று சொல்லவில்லை, எங்கள் அல்சூர் தெருவிலும் நடந்திருக்கிறது. ஆனால் ஒரு நாள் காலையில் வண்டியோடு கூடவே பத்து வீடு நடந்து பாருங்கள், நான் நடந்தேன். வண்டியில் வருகிற அக்கா ஒவ்வொரு வீட்டு டப்பாவையும் கவிழ்த்ததும் வெறும் கையால் கிளறி, சாம்பார் சாதத்துக்கு நடுவிலிருந்து பால் கவரையும் உடைந்த டியூப்லைட்டையும் எடுத்து ஓரமாகப் போடுகிறார். பத்து வீட்டில் மூன்று வீடுதான் ஒழுங்காகப் பிரித்திருந்தது. நாலாவது வீட்டில் ஒரு நாப்கின், எதிலும் சுற்றாமல், அப்படியே. அவர் முகம் மாறவே இல்லை, பழகிவிட்டது போலிருக்கிறது. எனக்குத்தான் நிற்க முடியவில்லை. தயவுசெய்து அதைப் பேப்பரில் சுற்றி மேலே சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுங்கள், தொடுகிறவருக்குத் தெரியட்டும்.

பிரிப்பதால் என்ன லாபம் என்று கேட்கிறவர்களுக்கு மண்டூரை ஞாபகப்படுத்துகிறேன். பழைய மெட்ராஸ் ரோடு பக்கம் இருக்கிற அந்தக் கிராமத்தில் வருஷக்கணக்கில் நம் குப்பையைக் கலந்து கொட்டினோம், ஊர்க்காரர்கள் கிணற்றுத் தண்ணீர் கெட்டு, ஈயும் நாற்றமும் தாங்காமல் ரோட்டில் இறங்கி உட்கார்ந்த பிறகு 2014 டிசம்பரில்தான் நின்றது. மறு வருஷம் கர்நாடக உயர் நீதிமன்றம் இரண்டு டப்பா ஒரு பை என்று உத்தரவே போட்டது. பச்சையில் சமையல் குப்பை, சிவப்பில் நாப்கின், டயப்பர், பையில் காய்ந்த குப்பை. கலந்து மலையாகக் குவித்தால் காற்றுப் படாமல் அழுகி மீத்தேன் வரும், அது 20 வருஷக் கணக்கில் கரியமில வாயுவைவிட 80 மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கக்கூடியது. மாரத்தஹள்ளிக்காரர் கேட்ட பூமிச் சூடும் மண்டூர்க்காரர் கிணறும் ஒரே டப்பாவில் சேருகிற இடம் இது. வண்டியில் கலந்தால் தேதி, நேரம், வண்டி நம்பரோடு வார்டு ஆபீஸில் எழுதிக் கொடுங்கள், ஆனால் வண்டியில் நிற்கிற அக்காவைத் திட்டாதீர்கள். தனித்தனிப் பெட்டி வைத்த வண்டி கொடுக்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

தனிமனிதப் பொறுப்பு என்பதே பெரிய கம்பெனிகள் கட்டிவிட்ட கதை. "கார்பன் தடம்" என்ற பேச்சையே பரப்பியது ஓர் எண்ணெய்க் கம்பெனிதான். நீங்களும் அந்த வலையில் விழுந்து மக்களைக் குற்றவாளி ஆக்குகிறீர்கள்.
– ஃப்ரேசர் டவுன், கல்லூரி ஆசிரியர்

நீங்கள் சொல்கிற தகவல் சரி. பி.பி. என்கிற பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனம் 2000-களின் தொடக்கத்தில் செய்த விளம்பரங்களால்தான் அந்தச் சொல் வீடு வீடாகப் போனது. பெரிய மாற்றம் சட்டத்தால்தான் வரும் என்பதிலும் உங்களோடு இருக்கிறேன். 2000-இல் இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது, 2020 ஏப்ரலில் புகை குறைவாக விடுகிற பி.எஸ்.6 வண்டிகள் வந்தன, எதுவும் நாம் கடையில் பார்த்துத் தேர்ந்தெடுத்ததால் வரவில்லை. ஆனால் சட்டம் தானாக வந்ததா? நம் பெங்களூர்ப் பக்கத்தில் வசிக்கிற அல்மித்ரா படேல் 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்குதான் 2000-இல் நாடு முழுவதற்குமான முதல் நகரக் குப்பை விதிகளுக்குக் காரணம். அவரும் தனி மனிதர்தான். வீட்டில் டப்பா பிரிப்பதும் வெளியே கேள்வி கேட்பதும் எதிர் எதிர்க் கட்சிகள் மாதிரி ஏன் பேசுகிறோம் என்று எனக்குப் புரியவில்லை ஐயா. தன் வீட்டுக் குப்பையைத் தொட்டுப் பார்த்தவருக்குத்தான் வார்டு ஆபீஸில் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிகிறது, என் அனுபவம் அது.

தீபாவளிக்கு ஒரு நாள் பட்டாசு வெடித்தால் மட்டும் எல்லோருக்கும் சுற்றுச்சூழல் ஞாபகம் வருகிறது. சிவகாசிக்காரன் பிழைக்க வேண்டாமா?
– விவேக்நகர் வாசகர்

பிழைக்க வேண்டும். பெங்களூர்க் காற்றை வருஷம் பூராவும் கெடுப்பது வண்டிப் புகையும் ரோட்டுத் தூசும்தான், பட்டாசு இல்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ராத்திரி ஆஸ்துமா குழந்தை இருக்கிற வீட்டில் போய் உட்கார்ந்து பார்த்தால் ஒரு நாள்தானே என்று சொல்ல வாய் வராது. முடியைவிட இருபது மடங்குக்கு மேல் மெலிந்த தூசு, ஜன்னலை மூடினாலும் வரும். உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்ன இரவு எட்டு முதல் பத்து, பேரியம் இல்லாத பசுமைப் பட்டாசு, இந்த இரண்டையும் எல்லோரும் கடைப்பிடித்தாலே சிவகாசிக்கும் வேலை இருக்கும், குழந்தைக்கும் மூச்சு இருக்கும்.

தொழிலாளியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அத்திப்பள்ளியையும் பேச வேண்டும். 2023 அக்டோபரில் அங்கே பட்டாசுக் கடை எரிந்து செத்தவர்கள் தீபாவளிச் சீசனுக்குக் கூலிக்கு வந்த நம் தமிழ்நாட்டுப் பையன்கள், காலேஜ் ஃபீஸுக்குச் சம்பாதிக்க வந்தவர்களும் அதில் உண்டு. லைசென்ஸுக்கு மேல் அடுக்கி வைக்கிற கடையில் வாங்காமல் இருப்பதும் பொறுப்புதான்.

முப்பது வருஷமாக ஆட்டோ ஓட்டுகிறேன். புகைக்கு எங்களைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.
– சிவாஜி நகர், ஆட்டோ ஓட்டுநர்

உங்கள் கேஸ் ஆட்டோவில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் ஏறி இறங்குகிறார்கள், உங்கள் முன்னால் நிற்கிற காரில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்? ஒரு கோடி வண்டியைத் தாண்டிவிட்ட ஊரில் அந்தப் புகையை நாள் பூராவும் மூக்கில் வாங்குகிறவர் நீங்கள்தான். எஃப்சிக்கு முன்னால் மட்டும் எஞ்சினைப் பார்க்காமல் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பாருங்கள், பெரிய சிக்னலில் அணைத்துவிடுங்கள், அதற்கு மேல் உங்களிடம் நான் கேட்க ஒன்றும் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை நுரையீரலைக் காட்டுங்கள் அண்ணா, அதை மறக்காதீர்கள்.

எனக்கு 19 வயது. இதையெல்லாம் படிக்கப் படிக்கப் பயமாக இருக்கிறது, சில ராத்திரி தூக்கம் வருவதில்லை. எங்களுக்கு என்ன மிச்சம் இருக்கும்?
– ஜே.பி. நகர் மாணவி

கண்ணு, பயம் வருவது நியாயம். 2016 ஏப்ரலில் இந்த ஊரில் 39.2 டிகிரி அடித்தபோது மின்விசிறி இல்லாமல் வளர்ந்த எங்கள் தலைமுறைக்கே பயம் வந்தது. ஆனால் ஃபோனில் படிப்பதை நிறுத்திவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிற புட்டேனஹள்ளி ஏரிக்குப் போய்ப் பார். குப்பைமேடாகக் கிடந்ததை அக்கம்பக்கத்தில் இருக்கிறவர்களே கையில் எடுத்துக்கொண்டு பார்த்துக்கொள்கிறார்கள், இன்று அங்கே நீர்க்கோழி குஞ்சு பொரிக்கிறது. சர்ஜாபூர் ரோட்டில் கைகொண்டனஹள்ளி ஏரியும் அப்படி மீண்டதுதான். ஜக்கூரில் சாக்கடையைச் சுத்திகரித்து, நாணல் சதுப்பு வழியாக விட்டு, அப்புறம் ஏரியில் விடுகிறார்கள், அங்கே மீன் பிடித்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கெலவரப்பள்ளியில் நான் கையில் எடுத்த அந்தப் பிசுக்கும் ஜக்கூர்த் தண்ணீரும் இதே ஊர்ச் சாக்கடையில் பிறந்தவைதான். நீ பிறப்பதற்கு முன்னால், 1987-இல், ஓசோன் ஓட்டைக்கு உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டு ஓசோனைத் தின்கிற வாயுக்களை நிறுத்தின, ஓட்டை மெதுவாக ஆறிவருகிறது.

தனியாக உட்கார்ந்து பயப்படாதே, ஏரிக்கு வருகிறவர்களோடு சேர்ந்துகொள். தூக்கம் அப்படியும் வரவில்லை என்றால் வீட்டில் அம்மாவிடம் சொல், மருத்துவரையும் பார், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

தினமும் காலையில் தெருமுனையில் காய்ந்த இலையைக் குவித்து எரிக்கிறார்கள். எனக்கு 71 வயது, மூச்சு வாங்குகிறது. சொன்னால் சண்டை. சட்டம் ஏதாவது இருக்கிறதா?
– அல்சூர் வாசகர்

இருக்கிறது ஐயா. 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று உத்தரவு போட்டது, அதுவும் மேலே சொன்ன அல்மித்ரா படேல் வழக்கில்தான். ஆனால் எரிக்கிறவர் பெரும்பாலும் தெரு பெருக்குகிறவர், அவருக்கு இலையைக் கொண்டுபோக வண்டி இல்லை. எங்கள் தெருவில் நாங்கள் ஆறு வீடு சேர்ந்து கோழிக்கூண்டுக் கம்பிவலையை வட்டமாக வளைத்து மரத்தடியில் நிறுத்தினோம். இலையை அதில் கொட்டி, வாரத்துக்கு ஒரு தடவை சாணிக்கரைசலோ புளித்த மோரோ தெளித்துக் கிளறிவிட்டால் போதும். முதல் கூண்டு நிறைய ஒரு மாதம் ஆனது, அடியில் இப்போது கறுப்பு மண் வர ஆரம்பித்திருக்கிறது. நீங்களும் அல்சூர் என்பதால் சொல்கிறேன், பத்திரிகை முகவரிக்கு உங்கள் தெருப் பெயரை எழுதி அனுப்புங்கள். மிச்சம் இருக்கிற கம்பிவலையை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து கட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.